ஒரு மேனேஜரைப் பேரேட்டில் எழுதுவது எப்படி: ஷாபி அலோன்சோ கணக்கு

2026 ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி அக்கா மகன் ஃபோன் செய்தான். "மாமா, ஒரு சீசன் பூரா தோற்காம லீக்கை ஜெயிச்ச ஆளு. மாட்ரிட்ல எட்டு மாசம்கூட நிக்க முடியலையே. அப்ப லெவர்குசன்ல நடந்தது குருட்டு அதிர்ஷ்டம்தானா?"

எனக்கும் உடனே பதில் வரவில்லை. அவன் பேசியது ஷாபி அலோன்சோவைப் பற்றி. ஸ்பெயினின் பழைய கால்பந்து ஆட்டக்காரர், பிறகு ஜெர்மனியின் லெவர்குசன் அணிக்கும் அடுத்து ஸ்பெயினின் ரியல் மாட்ரிட்டுக்கும் மேனேஜராக, அதாவது தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். அவன் கையில் இருந்தது அவருடைய கோப்பைப் பட்டியல் மட்டும்தான். 2005 சாம்பியன்ஸ் லீக், 2008 யூரோ, 2010 உலகக் கோப்பை, 2012 யூரோ, 2014இல் மறுபடி சாம்பியன்ஸ் லீக், மேனேஜராக 2024 புண்டஸ்லிகா, அதாவது ஜெர்மன் லீக். நான் ஈரோட்டில் ஒரு நூல் மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வருடக் கடைசியில் நிற்கும் லாபத்தை மட்டும் பார்த்து ஒரு கடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, சிட்டாவைப் புரட்ட வேண்டும். சரி, இவருக்கும் அப்படி ஒரு நோட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஆட்டக்காரராக இருந்து மேனேஜரான யாருக்கும் இதே முறையில் போடலாம் என்பதால் எழுதி வைக்கிறேன்.

தேவைப்படுவது அதிகமில்லை. கோடு போட்ட நோட்டு ஒன்று, நீலப் பேனா, சிவப்புப் பேனா, முழுசாகப் பார்க்க இரண்டு மூன்று ஆட்டங்கள். ஹைலைட்ஸ் வேண்டாம். ஹைலைட்ஸில் கோல் இருக்கும், அலோன்சோ இருக்க மாட்டார்.

இன்னொன்று. தேடும்போது பெயரில் குழப்பம் வரும். பார்சலோனாவின் சாவி வேறு ஆள், அவர் கத்தலான்காரர். இவர் வட ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர், அந்த ஊர் உச்சரிப்பில் ஷாபி. ஸ்பெயின் அணியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். என் அக்கா மகன் முதல் வாரம் சாவியின் பார்சலோனா வேலையை இவர் கணக்கில் ஏற்றிவிட்டான், ஒரு பக்கத்தையே அடிக்க வேண்டியதாயிற்று.

முதல் பக்கம்: வீடும் கடற்கரையும்

முதல் பக்கத்தில் கோப்பை எதுவும் எழுதாதீர்கள். தொடக்க இருப்பு என்ன என்று மட்டும் எழுதுங்கள். அலோன்சோ 1981 நவம்பர் 25ஆம் தேதி பாஸ்க் நாட்டில் தொலோசாவில் பிறந்தார். அப்பா பெரிக்கோ அலோன்சோவும் மிட்ஃபீல்டர். சான் செபஸ்தியான் நகரத்து அணியான ரியல் சொசியெதாத் 1981, 1982 என்று அடுத்தடுத்து ஸ்பெயின் லீக்கை வென்றபோது அந்த அணியில் ஆடியவர். பிறகு பார்சலோனாவுக்குப் போய் 1985இல் அங்கேயும் ஒரு லீக். அண்ணன் மிக்கெலும் ஆட்டக்காரர். வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு எதைப் பற்றி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வளர்ந்தது சான் செபஸ்தியானில். அங்கே கொன்சா கடற்கரையில், அலை உள்வாங்கிய ஈர மணலில் பையன்கள் பந்து ஆடுவார்கள். அந்த மணலிலும், ஆந்திகுவோக்கோ என்ற சின்ன கிளப்பிலும் இவரோடு ஆடிய இன்னொரு பையன் மிக்கெல் ஆர்தெத்தா. இந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இரண்டாம் பக்கம்: யாரிடம் வேலை பார்த்தார்

இங்கே நாலு பத்தி வரையுங்கள்: வருடம், அணி, மேனேஜர் யார், அவரிடம் என்ன நடந்தது. இந்தப் பக்கம் போட்டதும்தான் ஒரு பெரிய தப்பு எங்களுக்குப் புரிந்தது. "இவரு பெப் குவார்தியோலாவோட சீடர் மாமா" என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். எழுதிக் கூட்டிப் பார்த்தால், ஏறக்குறைய பதினெட்டு சீசன் ஆடியவர் பேயர்ன் மியூனிக்கில் குவார்தியோலாவிடம் இருந்தது 2014 முதல் 2016 வரை இரண்டே சீசன். லிவர்பூலில் ரஃபா பெனித்தெஸிடம் ஐந்து. ரியல் மாட்ரிட்டில் மொரீன்யோவிடம் மூன்று. அன்செலோட்டியிடம் மாட்ரிட்டில் ஒன்று, பேயர்னில் ஒன்று. தேசிய அணியில் அரகோனெஸ், தெல் போஸ்கே. ஒரே ஆளின் கணக்கில் எல்லா வரவையும் வைத்தால் பேரேடு எப்படி ஒத்துப்போகும்?

இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த வரி ஆரம்பத்திலேயே இருக்கிறது. சொசியெதாத் அவரை இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த எய்பாருக்குக் கடனாக அனுப்பியிருந்தது. 2001 ஜனவரியில் மேனேஜர் ஜான் டோஷாக் திரும்பக் கூப்பிட்டார். அணி அப்போது கீழே தள்ளாடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்த பத்தொன்பது வயதுப் பையன் கையில் கேப்டன் பட்டையைக் கொடுத்தார் டோஷாக். அணி தப்பியது. 2002-03இல், பிரெஞ்சுக்காரர் தெனுவே மேனேஜராக இருந்தபோது, அதே சொசியெதாத் ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாவதாக முடித்தது.

கசப்பான வரியையும் விடாதீர்கள். 2008 கோடையில் பெனித்தெஸ் கேரத் பேரி என்ற இன்னொரு மிட்ஃபீல்டரை வாங்க நினைத்து அலோன்சோவை விற்கப் பார்த்தார். அது நடக்கவில்லை. அடுத்த சீசனில் அலோன்சோ அருமையாக ஆடினார், லிவர்பூல் 86 புள்ளி எடுத்து இரண்டாம் இடம். 2009இல் அவரே மாட்ரிட்டுக்குக் கிளம்பிவிட்டார். பெஞ்சில் உட்கார்கிற ஆளிடமும், விலை பேசப்பட்ட ஆளிடமும் ஒரு மேனேஜர் எப்படிப் பேச வேண்டும் என்பதை இந்த வருடத்தில்தான் அவர் படித்திருப்பார் என்பது என் எண்ணம். ஆதாரம் இல்லை. கடைக் கணக்கில் இதைச் சஸ்பென்ஸ் கணக்கு என்போம். எங்கே ஏற்றுவது என்று தெரியாத தொகையைத் தனியாக வைப்பது. உங்கள் நோட்டிலும் அதற்குக் கடைசியில் ஒரு பக்கம் விட்டு வையுங்கள்.

ஆட்டத்தைப் பார்க்கும் முறை

பத்து நிமிடம் பந்தைப் பார்க்காதீர்கள், ஒரே ஆளைப் பாருங்கள். சொல்ல எளிது, செய்ய எரிச்சலாக இருக்கும். கேமரா பந்தோடு ஓடும், உங்கள் ஆள் திரையில் பாதி நேரம் இருக்க மாட்டார். இருக்கும் நேரத்தில் ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள். பந்து அவர் காலுக்கு வருவதற்கு முன்பு அவர் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறாரா? பார்த்தால் ஒரு குச்சி போடுங்கள். நாலு குச்சிக்குக் குறுக்கே ஒன்று, நூல் மூட்டை எண்ணுவது மாதிரி.

நாங்கள் எடுத்தது 2005 மே 25, இஸ்தான்புல்லில் லிவர்பூலும் மிலானும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், இரண்டாம் பாதி. அன்று நம் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்குத் தொடங்கிய ஆட்டம் அது. நான் நேரலையில் பார்த்தவன் என்ற திமிரில் பார்க்காமலேயே நோட்டில் எழுதிவிட்டேன்: "60ஆவது நிமிடம், அலோன்சோ, பெனால்டி, கோல்." இப்போது போட்டுப் பார்த்தால் தப்பு. அவர் அடித்த பெனால்டியை மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்துவிட்டார். தடுத்த பந்து திரும்பி வர, ஓடிப்போய் இடது காலால் மேல்வலையில் ஏற்றியதுதான் 3-3 ஆக்கிய கோல். இருபது வருடமாக நான் நண்பர்களிடம் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அதனால் நினைவிலிருந்து எதையும் எழுதாதீர்கள். என் முதலாளி சொல்வார், ரசீது இல்லாத செலவு செலவே இல்லை என்று.

குச்சிக் கணக்குக்கு வருகிறேன். முதல் பத்து நிமிடத்திலேயே அக்கா மகன் எண்ணுவதை விட்டுவிட்டான். அவ்வளவு தடவை திரும்பிப் பார்க்கிறார். பந்து வருவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று முடிவாகியிருக்கிறது. அதனால் அவர் அவசரப்படுவதே இல்லை, ஓடுகிறாரா என்றே சந்தேகம் வரும்.

அந்த ஆட்டத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இடைவேளையில் லிவர்பூல் 0-3 பின்னால். பெனித்தெஸ் வலது டிஃபெண்டர் ஃபினனை எடுத்துவிட்டு மிட்ஃபீல்டர் ஹாமனை இறக்கினார். பின்னால் மூன்று பேர், நடுவில் அலோன்சோவுக்குத் துணையாக ஹாமன். பதினெட்டு வருடம் கழித்து லெவர்குசனில் அலோன்சோ போட்ட அமைப்பிலும் பின்னால் மூன்று பேர், நடுவில் இரண்டு பேர். இதுவும் சஸ்பென்ஸ் கணக்குக்குப் போகட்டும்.

ஆட்டங்களோடு அவர் பேசியதில் ஒன்றையாவது தேடிப் பிடியுங்கள். 2011இல் ஒரு ஆங்கிலப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், லிவர்பூல் இளம் ஆட்டக்காரர்களிடம் உன் பலம் என்ன என்று கேட்டால் "டாக்கிள்" என்று சொல்வது தனக்கு விளங்கவே இல்லை என்றார். சறுக்கிப் பந்தைப் பறிப்பது கடைசி வழி, தேவைப்பட்டால் செய்ய வேண்டியதுதான், அது எப்படி ஒரு பலமாகும் என்பது அவர் கேள்வி. பிற்காலத்து மேனேஜர் முழுசாக அந்தப் பேட்டியில் இருக்கிறார். சரியான இடத்தில் நிற்பவன் சறுக்க வேண்டியதில்லை.

உலகக் கோப்பை, யூரோ எல்லாம் இந்த நோட்டில் ஒரே வரி. 2010 இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் தெ யோங் நெஞ்சில் உதைத்தது உலகமே பார்த்த படம். 2012 யூரோ காலிறுதியில், தன் நூறாவது ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக இரண்டு கோலும் இவர்தான். மொத்தம் 114 ஆட்டம். போதும். 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி கொடுங்கள். தடை காரணமாக ஆட முடியாமல் சூட் போட்டு மேலே உட்கார்ந்திருந்தவர், தன் மாட்ரிட் அணியின் பேல் கோல் அடித்ததும் படிகளில் இறங்கி மைதான ஓரத்துக்கே ஓடி வந்துவிட்டார். அதற்கும் ஒரு ஆட்டத் தடை விழுந்தது. அவ்வளவு அமைதியான மனிதர் என்று நாம் நினைத்தவர்.

யாரும் பார்க்காத ஐந்து வருடம்

2017இல் ஆட்டத்தை விட்டார். லெவர்குசனில் சேர்ந்தது 2022 அக்டோபர். நடுவில் உள்ள ஐந்து வருடத்தைப் பலர் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நீங்கள் இதற்கு இரண்டு பக்கம் கொடுங்கள், மேனேஜரை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது.

உலகக் கோப்பை வென்ற ஒரு பெரிய பெயருக்கு நேராகவே பெரிய அணி கிடைத்திருக்கும். அவர் பயிற்சியாளர் படிப்பை முடித்துவிட்டு, 2018இல் ரியல் மாட்ரிட்டின் பதினாலு வயதுக்குக் கீழான பையன்கள் அணியை எடுத்தார். அடுத்த வருடம் சொந்த ஊருக்குப் போய் ரியல் சொசியெதாத்தின் பி அணியை எடுத்தார். ஊர்க்காரர்கள் அதை சான்சே என்பார்கள். மூன்று வருடம் அங்கேயே. முதல் சீசனில் அவரிடம் ஆடிய பையன்களில் ஒருவர் சுபிமெண்டி, அதே ஊர், அதே ஆந்திகுவோக்கோ, அதே இடத்து மிட்ஃபீல்டர். 2021இல் சான்சே ஏறக்குறைய அறுபது வருடத்துக்குப் பிறகு இரண்டாம் டிவிஷனுக்கு ஏறியது. 2022இல் மறுபடி இறங்கியது.

இறங்கியதைச் சிவப்புப் பேனாவால் எழுதுங்கள். நிறையப் பேர் எழுதும்போது ஏறியது இருக்கும், இறங்கியது காணாமல் போயிருக்கும்.

அப்புறம், அவர் வேண்டாம் என்று சொன்னவற்றுக்கும் ஒரு பத்தி வேண்டும். 2024 மார்ச்சில் லிவர்பூல், பேயர்ன் இரண்டுமே அடுத்த சீசனுக்கு மேனேஜர் தேடிக்கொண்டிருந்தன. இரண்டும் அவர் ஆடிய அணி. அந்த மாதக் கடைசியில் லெவர்குசனிலேயே இருக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். சரக்கு விலை ஏறும்போது விற்காமல் வைத்திருப்பவனைத்தான் வியாபாரத்தில் கவனிக்க வேண்டும்.

லெவர்குசன் பக்கம்

சேர்ந்த அன்றைய நிலவரம்: எட்டு ஆட்டம், ஐந்து புள்ளி, பதினெட்டு அணியில் பதினேழாவது இடம். முதல் ஆட்டத்தில் ஷால்கேவை 4-0 அடித்தார்கள். எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் அடுத்த வரிகளையும் எழுதுங்கள். போர்ட்டோவிடம் 0-3. ஃபிராங்க்ஃபர்ட்டிடம் 1-5. மருந்து ஒரே நாளில் வேலை செய்யவில்லை. சீசன் முடிவில் ஆறாவது இடம், யூரோப்பா லீக் அரையிறுதியில் தன் பழைய மேனேஜர் மொரீன்யோவின் ரோமாவிடம் தோல்வி.

2023 கோடையில் வாங்கியதைப் பாருங்கள். ஆர்சனலிலிருந்து ஷாகா, பென்ஃபிகாவிலிருந்து கட்டணமே இல்லாமல் கிரிமால்தோ, க்ளாட்பாகிலிருந்து ஹோஃப்மன், பெல்ஜியத்திலிருந்து போனிஃபேஸ். ஷாகாதான் இந்தக் கணக்கின் திறவுகோல். மறுபடி குச்சிக் கணக்கு போடுங்கள், இந்தத் தடவை ஷாகா மேல். பின்னால் திரும்பிப் பார்த்து, பந்தை வாங்கி, அவசரமே இல்லாமல் கொடுத்துவிட்டு நகர்கிற ஒருவர். பழைய அலோன்சோ நின்ற இடத்தில் நிற்கிறார்.

இதற்கு 2024 பிப்ரவரி 10, பேயர்னுக்கு எதிரான ஆட்டத்தை எடுங்கள். லெவர்குசன் 3-0. பந்து அதிக நேரம் பேயர்ன் காலில்தான் இருந்தது, அக்கா மகனுக்கு அது அதிர்ச்சி. முதல் கோல் ஸ்டானிசிச், பேயர்னிடமிருந்தே கடனாக வந்தவர். இரண்டாவது கிரிமால்தோ. மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். கடைசி நேரத்தில் பேயர்னுக்குக் கார்னர், கோல்கீப்பர் நோயரே மேலே ஏறி வந்துவிட்டார். பந்து வெளியே வந்ததும் ஃப்ரிம்பாங் நடுக்கோட்டுப் பக்கத்திலிருந்து காலி கோலுக்குள் அனுப்பினார்.

எனக்கு உடனே 2006 ஜனவரி ஞாபகம் வந்தது. எஃப்.ஏ. கோப்பையில் லூட்டனோடு ஆட்டம். லூட்டன் கோல்கீப்பர் கார்னருக்காக மேலே வந்துவிட்டார், அலோன்சோ தன் பாதியிலிருந்தே அடித்தார், பந்து உருண்டு உருண்டு உள்ளே போனது. அந்த சீசனில் அலோன்சோ தன் பாதியிலிருந்து ஒரு கோல் போடுவார் என்று 125-க்கு 1 விலையில் 200 பவுண்டு பந்தயம் கட்டிய ஒரு ரசிகருக்கு 25,000 பவுண்டு கிடைத்தது. கணக்கு எழுதுகிறவன் என்பதால் இந்தத் தொகை மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது.

அடுத்து, நிமிடப் பத்தி. அந்த சீசனில் லெவர்குசன் கடைசி நேரத்தில் போட்ட கோல்களை நிமிடத்தோடு எழுதுங்கள். கராபாக்கிடம் சொந்த மைதானத்தில் 0-2 பின்தங்கி, 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களில் ஷிக் இரண்டு போட்டு 3-2. டோர்ட்முண்டில் 97ஆவது நிமிடம் ஸ்டானிசிச், 1-1. ரோமாவோடு 97ஆவது நிமிடம், மறுபடி அதே ஸ்டானிசிச், 2-2. ஒன்று என்றால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். பத்தி நீள நீள அந்த வார்த்தை பொருந்தவில்லை. கடைசி நிமிடங்களை ஓட்டிப் பாருங்கள். யாரும் பந்தைக் கண்மூடித் தூக்கி அடிப்பதில்லை. 20ஆவது நிமிடத்தில் கொடுத்த அதே பாஸைத்தான் 95இலும் கொடுக்கிறார்கள்.

2024 ஏப்ரல் 14, பிரேமனை 5-0 வென்று லெவர்குசன் முதல் முறையாக ஜெர்மன் லீக்கை எடுத்தது. 2002இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவதாக முடித்து, 'வீட்சேகூசன்', அதாவது என்றும் இரண்டாமிடம் என்று கேலிப் பெயர் வாங்கிய அணி அது. 34 ஆட்டம், 28 வெற்றி, 6 சமன், 90 புள்ளி. எல்லாப் போட்டியும் சேர்த்து 51 ஆட்டம் தோல்வியில்லை. 52ஆவது, மே 22, டப்ளினில் யூரோப்பா லீக் இறுதி: அட்டலாண்டா 3, லெவர்குசன் 0. மூன்றும் லுக்மன். சிவப்புப் பேனா. மூன்று நாள் கழித்து ஜெர்மன் கோப்பை இறுதியில் பத்துப் பேரோடு ஆடி 1-0, கோல் ஷாகா.

மூடாத பக்கம்

மாட்ரிட் பக்கத்தை எழுதும்போது கொஞ்சம் நிதானம். 2025 ஜூலையில் கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் பாரிஸிடம் 0-4. அக்டோபரில் பார்சலோனாவை 2-1 வென்ற அன்றே, தன்னை மாற்றி எடுத்ததற்கு வினீசியஸ் கோபத்தோடு வெளியே நடந்தார். 2026 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியில் பார்சலோனாவிடம் 2-3, மறுநாள் இருதரப்பும் பேசிப் பிரிகிறோம் என்று கிளப் அறிவித்தது. இடத்துக்கு வந்தவர் ஆர்பெலோவா, லிவர்பூலிலும் மாட்ரிட்டிலும் இவரோடு சேர்ந்து ஆடியவர்.

அக்கா மகன் கேட்டது இதைத்தானே. நோட்டைத் திருப்பி வைத்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடச் சொன்னேன். லெவர்குசனில் அவர் வந்தபோது பதினேழாவது இடம், யார் என்ன சொன்னாலும் கேட்கிற நிலை. தன்னைப் போன்ற ஒரு ஷாகாவை நடுவில் நிறுத்த ஒரு கோடைகாலம் கிடைத்தது. மாட்ரிட்டில் ஏற்கெனவே எல்லாம் வென்றவர்கள், காத்திருக்கப் பழக்கமில்லாத கிளப். "அப்ப அதிர்ஷ்டம் இல்லையா மாமா?" என்றான். நிமிடப் பத்தியைக் காட்டினேன். மாட்ரிட் பக்கத்துக்குக் கீழே கூட்டல் கோடு போடப் போனவனைத் தடுத்து, இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஆளுக்கு வயது நாற்பத்து நாலுதான்.

போன ஞாயிறு அவன் புது நோட்டோடு வந்தான். ஆர்தெத்தாவுக்கு, அவரும் பின்னாளில் மேனேஜரானவர்தான். 2004 கோடையில் ஆர்தெத்தா ரியல் சொசியெதாத்தில் சேர்ந்தார், அதே கோடையில் அலோன்சோ லிவர்பூலுக்குப் போய்விட்டார். கடற்கரையில் ஒன்றாக ஆடியவர்கள் பெரிய அணியில் ஒன்றாக ஆடாமலே போனது அவனுக்கு ஏனோ பெரிய வருத்தம். முதல் பக்கத்தில் எழுத உட்கார்ந்தவன் நிமிர்ந்து, "மாமா, இதுவும் அதே மணல்தானே, பழைய நோட்டுல இருந்து அந்தப் பக்கத்தைக் கிழிச்சு இதுல ஒட்டிக்கவா?" என்றான். கிழிக்காதே, பார்த்து எழுது என்றேன்.